பொருத்தம் பார்த்தீர்களா?

மூன்றாம் ஆண்டு மாணவன், மின்னணு மற்றும் தகவல் தொடர்பியல் துறை



நம் வீடுகளில் ஒரு கல்யாணம் என்றால் முதலில் என்ன செய்கிறார்கள்? ஜாதகத்தை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு ஜோசியரிடம் ஓடுகிறார்கள். தினப் பொருத்தம், கணப் பொருத்தம், ரஜ்ஜுப் பொருத்தம் என்று பத்துப் பொருத்தம் பார்க்கிறார்கள். மண்டபம், சாப்பாடு, சீர்வரிசை எல்லாம் அதற்கப்புறம்தான். எனக்கு ஜாதகத்தில் நம்பிக்கை உண்டா இல்லையா என்பது வேறு விஷயம். ஆனால் இரண்டைச் சேர்த்து வைப்பதற்கு முன்னால் ஒன்றோடு ஒன்று ஒத்துப்போகுமா என்று கேட்கிறார்களே, அந்தக் கேள்வி நல்ல கேள்வி.

அதே நாம் கம்ப்யூட்டர் வாங்கப் போனால்? "ஐ5-ஆ, ஐ7-ஆ? எத்தனை ஜி.பி.? எவ்ளோ கொறைப்பீங்க?" மூன்றே கேள்வி. முடிந்தது பெண் பார்க்கும் படலம்! பெட்டிக்குள்ளே இருக்கிற மதர்போர்டு எது, அதற்கு அந்த பிராசஸர் பொருந்துமா, நாளைக்கு ராம் கூட்ட முடியுமா, கரண்டு கொடுக்கிற எஸ்.எம்.பி.எஸ். தாங்குமா என்று எவனாவது கேட்கிறோமா? டிப்ளமோ படிக்கிற நாமே கேட்கவில்லை என்றால் வேறு யார் கேட்பார்கள்?

இதைத்தான் இந்த மலரில் உங்களோடு பேச வந்திருக்கிறேன். நான் பெரிய அறிவாளி என்று எழுதவில்லை. கையைச் சுட்டுக்கொண்டவன் என்ற தகுதியில் எழுதுகிறேன்.

அக்கா கொடுத்த பத்தாயிரம்

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். அம்மா ஒரகடம் பக்கம் ஒரு ஆலையின் கேன்டீனில் வேலை செய்கிறார். அக்கா பிளஸ் டூ முடித்ததும், வீட்டு நிலைமை தெரிந்து, ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனி லைனில் சேர்ந்துவிட்டாள். அவள் சம்பளத்தில்தான் என் முதல் வருட ஃபீஸ் கட்டினோம்.

இரண்டாம் ஆண்டு முடியும்போது எனக்கு ஒரு கம்ப்யூட்டர் இல்லாமல் முடியாது என்ற நிலை வந்தது. லேபில் ஒரு மெஷினுக்கு இரண்டு பேர், மூன்று பேர். சி புரோகிராமை போனில் அடித்துப் பார்த்தவர்களுக்கு என் கஷ்டம் புரியும். ஒரு செமிகோலன் விட்டுப்போனால் கண்டுபிடிப்பதற்குள் கண்ணே போய்விடும். சர்க்யூட் வரையும் மென்பொருள், ஆட்டோகேட் இதெல்லாம் போனில் நினைத்தே பார்க்க முடியாது.

அக்கா தன் போனஸில் பத்தாயிரம் எடுத்துக் கொடுத்தாள். தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் வருகிறதே, 2024 ஆகஸ்டில் ஆரம்பித்தது, அதில் ஐந்து மாதப் பணத்தைத் தொடாமல் வைத்திருந்தேன். ஆக மொத்தம் பதினைந்தாயிரம். புது லேப்டாப் இந்தப் பணத்துக்கு வராது. சரி, பார்ட் பார்ட்டாக வாங்கி நாமே பொருத்திவிடலாம் என்று முடிவு செய்தேன். இது நடந்தது 2025 ஆடி மாதத்தில்.

பஸ் ஏறி, பூந்தமல்லியில் மாறி, ரிச்சி ஸ்ட்ரீட் போனேன். போகாதவர்களுக்குச் சொல்கிறேன்: அண்ணா சாலையிலிருந்து சிந்தாதிரிப்பேட்டை பக்கம் திரும்பும் சின்னத் தெரு. ஒரு காலத்தில் ரேடியோ சாமான்களுக்குப் பேர் போன இடம். இன்றைக்கு கம்ப்யூட்டர், சி.சி.டி.வி., ரெசிஸ்டர் முதல் ரோபோ மோட்டார் வரை கிடைக்கும். உள்ளே நுழைந்தால் தேர்த்திருவிழா மாதிரி இருக்கும். நம் துறைக்காரனுக்கு அதுதான் கோயில்.

முதலில் ஒரு பழைய ஐ3-8100 பிராசஸர் வாங்கினேன், 2,800 ரூபாய். பிறகு வேறொரு கடையில் மதர்போர்டு கேட்டேன். "எந்த சாக்கெட் தம்பி?" என்றார் கடைக்காரர். நான் முன்னாடியே படித்து வைத்திருந்தேன் இல்லையா! "1151" என்று கம்பீரமாகச் சொன்னேன். எச்110 போர்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தார். 2,200 ரூபாய். சாக்கெட்டும் 1151தான், எழுதியே இருந்தது.

வீட்டுக்கு வந்து திண்ணையில் உட்கார்ந்து பொருத்தினேன். அழகாக உட்கார்ந்தது. பட்டனை அமுக்கினேன். ஃபேன் சுற்றியது. திரையில் ஒன்றும் வரவில்லை. ராமைக் கழற்றி மாட்டினேன். ரப்பரால் தேய்த்தேன். மூன்று ராத்திரி தூக்கமில்லை. அம்மா எதுவும் கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததுதான் எனக்குப் பெரிய வேதனை.

நான்காம் நாள் லேப் சாரிடம் கொண்டுபோனேன். அவர் போர்டைத் தொடக்கூட இல்லை. "பிராசஸர் எட்டாவது தலைமுறை. இந்த சிப்செட் ஆறு, ஏழுக்குத்தானேப்பா?" என்றார். போர்டு தயாரித்த கம்பெனியின் வலைத்தளத்தைத் திறந்து, எந்தெந்த பிராசஸர் அதில் வேலை செய்யும் என்ற பட்டியலைக் காட்டினார். என் பிராசஸர் அதில் இல்லை.

விஷயம் இதுதான். இன்டெல்லின் ஆறு, ஏழாம் தலைமுறைகளுக்கும் எட்டு, ஒன்பதாம் தலைமுறைகளுக்கும் சாக்கெட் பெயர் ஒன்றே, எல்.ஜி.ஏ.1151. பார்வைக்கும் ஒன்றே. ஆனால் 2017இல் எட்டாம் தலைமுறை வந்தபோது உள்ளே சில பின்களின் வேலையை மாற்றிவிட்டார்கள். அதனால் அதற்கு 300 வரிசை சிப்செட் வேண்டும். எச்110 என்பது 100 வரிசை. இரண்டும் சேராது. பட்டியலில் பட்டவர்த்தனமாகப் போட்டிருக்கிறார்கள். பார்க்காதது நான்.

கடைக்காரரைத் திட்ட மனம் வரவில்லை. அவர் கேட்ட கேள்விக்கு நான் சரியான பதில்தான் சொன்னேன். நான் கேட்காமல் விட்ட கேள்விதான் தப்பு. அந்தப் போர்டை 1,200க்குத் திருப்பிக் கொடுத்து, மூவாயிரம் போட்டு எச்310 போர்டு வாங்கினேன். நஷ்டம் ஆயிரம் ரூபாய். ஒரு மாதத் தமிழ்ப் புதல்வன் பணம்!

அப்படியானால் எப்படிப் பார்ப்பது?

என் அனுபவத்தில் நான் கற்றுக்கொண்ட வரிசையைச் சொல்கிறேன். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

முதலில் வேலை. எதற்காக வாங்குகிறோம்? சி, பைத்தான், சர்க்யூட் சிமுலேஷன், இரு பரிமாண ஆட்டோகேட் இவ்வளவுதான் என்றால் தனி கிராபிக்ஸ் கார்டு தேவையே இல்லை. மெக்கானிக்கல் தோழர்கள் முப்பரிமாண மாடல் பெரிதாகப் போடுவார்கள் என்றால் கணக்கு வேறு. வேலையைத் தாளில் எழுதாமல் கடைக்குப் போனால், கடையில் என்ன இருக்கிறதோ அதுதான் உங்கள் தேவையாகிவிடும்.

இரண்டாவது, பிராசஸரும் போர்டும். இவை இரண்டும் மாப்பிள்ளை, பெண். தனித்தனியே வாங்கவே கூடாது. மூன்று கேள்வி: சாக்கெட் ஒன்றா? சிப்செட் அந்தத் தலைமுறையை ஏற்குமா? போர்டில் இருக்கிற பயாஸ் பதிப்பு அந்த பிராசஸருக்குப் போதுமா? மூன்றாவது கேள்வியைப் பெரும்பாலோர் மறந்துவிடுகிறார்கள். உதாரணம், ஏ.எம்.டி. கம்பெனியின் ஏ.எம்.4 சாக்கெட். 2017இல் வந்த முதல் ரைசன் முதல் 5000 வரிசை வரை எல்லாம் அதே சாக்கெட். நல்ல விஷயம். ஆனால் பழைய பி450 போர்டில் புது ரைசன் 5 5600ஜி போட வேண்டுமென்றால் பயாஸைப் புதுப்பித்திருக்க வேண்டும். புதுப்பிக்கப் பழைய பிராசஸர் ஒன்று தேவைப்படலாம். கையில் இல்லாதவன் என்ன செய்வான்? ஆகவே கடையிலேயே, "பயாஸ் அப்டேட் பண்ணிக் கொடுங்க, ஆன் பண்ணிக் காட்டுங்க" என்று கேட்க வேண்டும். வெட்கப்படக் கூடாது.

இங்கே பெயரைப் பார்த்து ஏமாறுவது பற்றியும் சொல்ல வேண்டும். 'ஐ7' என்று ஸ்டிக்கர் ஒட்டிய பெட்டி மலிவாகக் கிடைக்கிறதே என்று ஓடுகிறோம். அது இரண்டாம் தலைமுறை ஐ7 ஆக இருந்தால் 2011ஆம் வருடத்துச் சரக்கு. 2022இல் வந்த பன்னிரண்டாம் தலைமுறை ஐ3 அதைவிட வேகமானது. அது மட்டுமா? விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்துவந்த ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 பட்டியலில் இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் பொதுவாக இடம். பழைய மெஷின் வைத்திருப்பவர்கள் மனம் உடைய வேண்டாம். லினக்ஸ் இருக்கிறது. நம் சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருக்கிறது. ஆனால் வாங்குவதற்கு முன்னால் இது தெரிந்திருக்க வேண்டும் என்பதுதான் என் வாதம்.

மூன்றாவது, ராம். டி.டி.ஆர்.3, 4, 5 மூன்றும் ஒன்றுக்கொன்று சேராது. நடுவில் இருக்கும் வெட்டு ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு இடத்தில். டி.டி.ஆர்.4க்கும் 5க்கும் பின் எண்ணிக்கை 288தான், ஆனாலும் மாற்றி மாட்ட முடியாது. வோல்டேஜும் வேறு: 3க்கு 1.5, 4க்கு 1.2, 5க்கு 1.1 வோல்ட். பன்னிரண்டாம் தலைமுறை இன்டெல் போர்டுகளில் ஒரே மாடல் பெயரில் டி.டி.ஆர்.4 வகையும் உண்டு, 5 வகையும் உண்டு. கடைசி எழுத்து வரை படித்துப் பார்க்க வேண்டும். ஏ.எம்.டி.யின் புது ஏ.எம்.5 சாக்கெட்டில் டி.டி.ஆர்.5 மட்டும்தான்.

ராம் விஷயத்தில் உலகமே நம் சட்டைப் பையில் கை விடுகிறது. 2025 கடைசியில் ராம் விலை கிடுகிடுவென்று ஏறியது. செயற்கை நுண்ணறிவுக்காகப் பெரிய பெரிய டேட்டா சென்டர்கள் கட்டுகிறார்கள், மெமரி சிப் எல்லாம் அங்கே போகிறது. மைக்ரான் கம்பெனி, நம்மைப் போன்ற சாதாரண ஆட்களுக்கு விற்றுவந்த க்ரூஷியல் வியாபாரத்திலிருந்தே விலகுவதாக 2025 டிசம்பரில் அறிவித்துவிட்டது. எங்கேயோ அமெரிக்காவில் எடுக்கிற முடிவுக்கு இங்கே சுங்குவார்சத்திரத்து மாணவன் பணம் கட்டுகிறான்! அதனால்தான் சொல்கிறேன், போர்டை வாங்கும்போதே ராம் எந்த வகை, இன்னொரு ஸ்லாட் காலியாக இருக்குமா என்று பாருங்கள். இன்று ஒரு எட்டு ஜி.பி., நாளை பணம் வந்ததும் அதே மாதிரி இன்னொன்று. ஜோடியாகப் போட்டால் வேகமும் கூடும், குறிப்பாகத் தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத மெஷினில்.

நான்காவது, படம் எங்கிருந்து வரும்? சிரிக்காதீர்கள். இன்டெல் பிராசஸர் பெயரின் கடைசியில் 'எஃப்' என்று ஒரு எழுத்து இருந்தால், அதில் கிராபிக்ஸ் கிடையாது. ஐ3-12100இல் திரை வரும். ஐ3-12100எஃப்-இல் தனி கார்டு போட்டால்தான் வரும். விலை கொஞ்சம் குறைவு என்று 'எஃப்' வாங்கிவிட்டு, கார்டு வாங்கக் காசில்லாமல் நிற்பவன் நிலைமை, சட்டை வாங்கிவிட்டுப் பட்டன் இல்லாத கதை. ஏ.எம்.டி.யில் ரைசன் 5 5600ஜி-இல் உண்டு, ஜி இல்லாத 5600இல் கிடையாது. மானிட்டர் பழையதாக வாங்கினால் அதில் வி.ஜி.ஏ. மட்டும் இருக்கிறதா, எச்.டி.எம்.ஐ. உண்டா, போர்டில் அதே துளை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஐந்தாவது, எஸ்.எஸ்.டி. பழைய போர்டில் சாட்டா வகை போதும். எம்.2 என்ற சின்னப் பட்டை வகை வாங்கினால், அதில் சாட்டா, என்.வி.எம்.இ. என்று இரண்டு ரகம். துளை ஒன்றுபோல இருக்கும், போர்டு இரண்டையும் ஏற்கும் என்று சொல்ல முடியாது. மறுபடியும் அதே 1151 கதை! உருவம் பொருந்தினால் உள்ளம் பொருந்தியது என்று அர்த்தமில்லை.

ஆறாவது, எஸ்.எம்.பி.எஸ். நம் ஆட்கள் இதற்குத்தான் கடைசியில் மிச்சமிருக்கிற சில்லறையைக் கொடுப்பார்கள். கேபினட்டோடு இலவசமாக வருவதை மாட்டிக்கொள்வார்கள். என்னுடையதும் அப்படித்தான். பெட்டியில் பெரிதாக '450' என்று போட்டிருக்கும். பக்கத்து லேபிளைப் படித்தேன். 12 வோல்ட் வரிசையில் 14 ஆம்பியர். நாம் எலக்ட்ரானிக்ஸ் மாணவர்கள், பெருக்கத் தெரியாதா? 12 பெருக்கல் 14, 168 வாட். பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் தின்பது பெரும்பாலும் இந்த 12 வோல்ட்டைத்தான். என் பிராசஸர் 65 வாட் ரகம், கார்டும் இல்லை, அதனால் ஓடுகிறது. நாளைக்கு கார்டு போட வேண்டுமென்றால் முதலில் மாற்ற வேண்டியது எஸ்.எம்.பி.எஸ்.தான். கரண்டு போய்ப் போய் வருகிற நம் ஊரில் யூ.பி.எஸ். வாங்கினாலும் இதே கணக்குத்தான். 600 வி.ஏ. என்றால் 600 வாட் அல்ல. பெரும்பாலான சின்ன யூ.பி.எஸ்.களில் அதை 0.6ஆல் பெருக்க வேண்டும், 360 வாட்.

கடைசியாக, கேபினட்டும் ஃபேனும். போர்டு மைக்ரோ ஏ.டி.எக்ஸ். என்றால் 244 மில்லிமீட்டர் சதுரம். கேபினட் ஏற்குமா என்று பாருங்கள். 1151, 1200 சாக்கெட் போர்டுகளில் கூலர் மாட்டும் ஓட்டைகளுக்கு இடையே 75 மி.மீ., 1700 சாக்கெட்டில் 78 மி.மீ. மூன்றே மில்லிமீட்டர்தான். ஆனால் பழைய கூலர் புதுப் போர்டில் உட்காராது.

என் பில் இதோ: பிராசஸர் 2,800. போர்டு 3,000. எட்டு ஜி.பி. ராம் 1,500. 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி. 1,600. கேபினட், எஸ்.எம்.பி.எஸ். 1,500. கூலர் 350. பழைய பத்தொன்பது அங்குல மானிட்டர் 2,500. கீபோர்டு, மவுஸ் 600. மொத்தம் 13,850. இதோடு என் அவசரத்துக்கு அபராதம் ஆயிரம். ராம் விலை ஏறுவதற்கு முன்னால் வாங்கியதால் தப்பித்தேன். பாதிக்கு மேல் பழைய பொருள்தான், ஆனால் ஒன்றோடு ஒன்று சேர்ந்த பொருள்.

"இதெல்லாம் எதுக்குடா?"

நண்பர்கள் கேட்கிறார்கள்: "இவ்ளோ தலைவலி எதுக்குடா? ஆபீசுல கழிச்சுப் போட்ட பிராண்டட் பெட்டி ஒன்னு வாங்கிட்டுப் போயேன். இல்லேன்னா கடைக்காரரையே அசெம்பிள் பண்ணித் தரச் சொல்லேன்!"

நியாயமான கேள்வி. ஒளிக்காமல் பதில் சொல்கிறேன். கம்ப்யூட்டரைப் பயன்படுத்தினால் மட்டும் போதும், உள்ளே திறக்கவே மாட்டேன் என்பவர்களுக்கு அந்தப் பிராண்டட் பெட்டி நல்லதுதான். பல சமயம் விலையும் குறைவு. ஆனால் அதில் பல மாடல்களில் எஸ்.எம்.பி.எஸ். கனெக்டரும் போர்டின் அளவும் அந்தக் கம்பெனிக்கே உரியவை. ஒன்று பழுதானால் வெளியே கிடைக்கிற பொதுவான பார்ட் சேராது. அதைத் தெரிந்துகொண்டு வாங்கினால் சரி. தெரியாமல் வாங்கினால்தான் வருத்தம்.

கடைக்காரர் விஷயம். நல்ல கடைக்காரர்கள் நிறையப் பேர் உண்டு. அவர்களிடம் நான் கற்றுக்கொண்டதும் உண்டு. ஆனால் அவரிடம் இருக்கிற சரக்கை நகர்த்துவது அவர் தொழில். நம் தேவையை அறிவது நம் தொழில். பட்டியலை அவர் எழுதினால் லாபம் பார்த்து எழுதுவார், அதில் தப்பில்லை. அதனால் பட்டியலை நாம் எழுதிக்கொண்டு போவோம். ஜி.எஸ்.டி. பில்லும் வாரண்டியும் கேட்டு வாங்குவோம்.

இன்னொன்றையும் நினைத்துப் பாருங்கள். யாருடைய பார்ட்டையும் யாருடைய போர்டிலும் மாட்டலாம் என்ற சுதந்திரம் வானத்திலிருந்து விழவில்லை. 1981இல் ஐ.பி.எம். தன் பி.சி.யைக் கடையில் கிடைக்கிற பொதுவான பாகங்களால் செய்தது. பிறகு மற்றவர்கள் அதோடு ஒத்துப்போகிற மெஷின்களைச் செய்தார்கள். 'கம்பேட்டிபிள்' என்ற சொல்லே அப்படித்தான் கம்ப்யூட்டர் உலகில் பிரபலமானது. 1995இல் இன்டெல் கொண்டுவந்த ஏ.டி.எக்ஸ். அளவு முறைதான் இன்றும் நம் கேபினட்டில் திருகு எங்கே வரும் என்று சொல்கிறது. இந்த ஒத்துப்போதல் இல்லையென்றால் ஏழை வீட்டுப் பையன் பார்ட் பார்ட்டாகச் சேர்த்து ஒரு கம்ப்யூட்டர் செய்திருக்கவே முடியாது.

பொருத்துபவரும் தேர்ந்தெடுப்பவரும்

மெஷின் ஓடிய அன்று அக்கா ஷிப்ட் முடிந்து வந்தாள். கேபினட் பக்கக் கதவு திறந்திருந்தது. குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னாள்: "டேய், தினமும் எத்தனை போர்டு என் கை வழியாப் போகுது தெரியுமா? எது எதுக்குப் போவுதுன்னு எனக்குத் தெரியாது. யாரும் சொன்னதுமில்ல. உனக்குத் தெரியணும்டா. அதுக்குத்தான படிக்க வச்சோம்."

தோழர்களே, இந்த வார்த்தை என்னைத் தூங்க விடவில்லை. நம் ஊரைச் சுற்றிப் பாருங்கள். ராமானுஜர் பிறந்த ஊர் என்று சொல்லிக்கொண்டிருந்த ஸ்ரீபெரும்புதூரை இன்றைக்கு உலகம் வேறு காரணத்துக்காகவும் அறிகிறது. இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம், வல்லம் வடகால், பிள்ளைப்பாக்கம் என்று எங்கு திரும்பினாலும் சிப்காட். டெல் கம்பெனி 2007 முதல் இங்கே கம்ப்யூட்டர் செய்கிறது. எச்.பி. லேப்டாப்புகள் 2021 முதல் இங்கே தயாராகின்றன. வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் பெண் தொழிலாளர்களுக்காகத் திறந்த விடுதியில் மட்டும் 18,720 பேர் தங்கலாம்! ஆக, கம்ப்யூட்டரும் போனும் நம் வீட்டு வாசலில் பிறக்கின்றன. நம் அக்கா தங்கைகள் கையில் பிறக்கின்றன.

ஆனால் அந்தப் பெட்டிக்குள் எந்த பிராசஸர், எந்த போர்டு, எந்த ராம் என்ற பட்டியலை எழுதுவது யார்? லைனில் நிற்பவர் அல்ல. பட்டியல் எங்கிருந்தோ வருகிறது, நாம் திருகு முடுக்குகிறோம். திருகு முடுக்குவது கேவலமான வேலை என்று சொல்லவே மாட்டேன், அந்த வேலைதான் எனக்குச் சோறு போட்டது. ஆனால் டிப்ளமோ வாங்கியும் அந்தப் பட்டியலைப் படிக்கத் தெரியாமல் 'டிரெய்னி' என்று போய் நின்றால், மூன்று வருடப் படிப்புக்கு என்ன மரியாதை?

ஆலைகள் வரும், போகும். நோக்கியா 2006இல் இங்கே போன் செய்ய ஆரம்பித்தபோது ஊரே கொண்டாடியது. உலகின் பெரிய போன் ஆலைகளில் ஒன்று என்றார்கள். 2014 நவம்பர் 1ஆம் தேதி உற்பத்தி நின்றது. ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தார்கள். பின்னர் அதே வளாகத்துக்கு சால்காம்ப் வந்து சார்ஜர் செய்ய ஆரம்பித்தது. கேட்டில் பெயர்ப்பலகை மாறலாம். ஒரு பொருளுக்குள் எதோடு எது சேரும், ஏன் சேரும், ஏன் சேராது என்று தெரிந்தவனுடைய அறிவை எந்த கேட்டும் பூட்ட முடியாது.

ஒரு மலிவு விலை கம்ப்யூட்டருக்குப் பட்டியல் எழுதுவது சின்ன வேலைதான். ஆனால் அதில் எல்லாம் இருக்கிறது: தேவை, பட்ஜெட், அளவு, வோல்டேஜ், வாட், எதிர்காலம். தப்பாக எழுதினால் உடனே தெரிந்துவிடும், திரை வராது! நாம் சொந்தமாக எடுக்கிற முதல் எஞ்சினியரிங் முடிவு அதுவாக இருக்கட்டும்.

பேரவைக்கு என் கோரிக்கை

நம் மாணவர் பேரவை விழா நடத்துகிறது, விளையாட்டு நடத்துகிறது, நல்லது. இதையும் செய்யட்டும். லேபில் கழித்துப்போட்ட மெஷின்கள் ஓரமாகத் தூசி படிந்து கிடக்கின்றன. அனுமதி வாங்கி, மாதம் ஒரு சனிக்கிழமை அவற்றைத் திறந்து, முதலாண்டு மாணவ மாணவியர் ஒவ்வொருவரும் கழற்றி மாட்டிப் பார்க்க வழி செய்யட்டும். குறிப்பாக மாணவியருக்கு ஸ்க்ரூ டிரைவர் போய்ச் சேர வேண்டும். பையன்கள் வாங்கி வைத்துக்கொண்டு வேடிக்கை காட்டக் கூடாது.

அடுத்து, நோட்டீஸ் போர்டில் ஒரு மூலை. யார் கம்ப்யூட்டர் வாங்கினாலும் எந்த போர்டில் எந்த பிராசஸர், எந்த ராம் ஓடியது, எது ஓடவில்லை, எவ்வளவு ஆயிற்று என்று ஒரு தாளில் எழுதி ஒட்டட்டும். ஓடாததையும் வெட்கப்படாமல் எழுத வேண்டும். முதல் தாள் என்னுடையது: 'எச்110இல் ஐ3-8100 ஓடாது. நஷ்டம் ஆயிரம் ரூபாய்.' இதைப் படித்து இன்னொருவனுக்கு அந்த ஆயிரம் மிச்சமானால் என் பணம் வீண்போகவில்லை.

மூன்றாவது, வாங்கப் போகிறவர்கள் தனியாகப் போகாமல் நாலைந்து பேராகச் சேர்ந்து, ஒரு சீனியரையும் கூட்டிக்கொண்டு ரிச்சி ஸ்ட்ரீட் போங்கள். கையில் பட்டியல் இருக்கட்டும். கடையிலேயே மாட்டி, ஆன் பண்ணி, திரை வந்த பிறகு காசைக் கொடுங்கள்.

இப்போது அக்கா ஞாயிற்றுக்கிழமைகளில் என் மெஷின் முன்னால் உட்காருகிறாள். போன வாரம் தன் லைனில் பார்த்த ஒரு கனெக்டரைத் தாளில் வரைந்து காட்டி, "இது எதுக்குடா?" என்று கேட்டாள். இருபத்து நாலு பின் பவர் கனெக்டர். எனக்குத் தெரிந்திருந்தது. சொன்னேன்.

விலை கேட்பதற்கு முன் பொருத்தம் கேட்போம், தோழர்களே! பட்டியலை நாமே எழுதுவோம்!